பூட்டைக் குளிர வைத்த மாப்பிள்ளை

எங்கள் பக்கம் மாப்பிள்ளை என்பது ஒரு பதவி. தேர்வு கிடையாது, நேர்காணல் கிடையாது, ஓய்வு பெறும் வயதும் கிடையாது. தாலி கட்டி முடித்த நிமிடத்திலிருந்து மாமனார் வீட்டில் நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ரசத்தைக் காட்டி "சாம்பார் நல்லா இருக்குங்க" என்று சொன்னால், அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சாம்பார். இந்தப் பதவியில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. நாளடைவில் நாமே நம்மை நம்பத் தொடங்கிவிடுவோம். நான் நம்பினேன். (நம்பி என்ன கிழித்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.)

என் தகுதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். ஊர் மங்கலம். வீட்டில் விசைத்தறி. படித்தது மெக்கானிக்கல் என்ஜினீயரிங். அதில் உலோகங்களைப் பற்றிய பாடத்தில் இரண்டு முறை கோட்டை விட்டுவிட்டு, அடுத்த முறை தேறினேன். தாளைத் திருத்தியவர் வீட்டில் அன்று ஏதோ விசேஷம் இருந்திருக்க வேண்டும். கல்யாணம் ஆன கையோடு திருப்பூரில் மாமனாரின் பனியன் கம்பெனியில் வந்து சேர்ந்தேன். (ஏற்றுமதிக்குக் கோட்டே தைத்தாலும் இந்த ஊரில் அதன் பெயர் பனியன் கம்பெனிதான்.) எனக்கு என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை. ஏ.சி. அறையில் ஒரு சுழல் நாற்காலியைப் போட்டு, "மாப்பிள்ளைங்க, உக்காருங்க" என்றார்கள். உட்கார்ந்தேன். மாதக்கணக்கில் உட்கார்ந்தேன்.

கம்பெனியை உண்மையில் இழுத்துக்கொண்டிருந்தவள் என் மனைவி சுகன்யா. மாமனாருக்கு ஒரே மகள். நூல் விலையிலிருந்து பட்டன் துளை வரை அவளுக்கு அத்துப்படி. ஆனால் தை பிறந்தால் கம்பெனிச் சாவிக்கொத்து மாப்பிள்ளை கைக்குப் போகும் என்று ஒறம்பரை (சொந்தபந்தத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) முழுக்கப் பேச்சு. மாமனாரும் அதை மறுக்கவில்லை. சாவி தனக்கு வராதா என்று சுகன்யா ஒருமுறை ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். "பாக்கலாம் அம்மிணி, ஊருக்குன்னு ஒரு மொறை இருக்குதல்ல" என்று சொல்லிவிட்டு அவர் காபியைக் குடித்தார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. தானே இணையத்தில் தேடி, டென்மார்க்கிலிருந்து உடுப்பு வாங்கும் ஒரு அம்மையாரைப் பிடித்தாள். குழந்தைகள் இரவில் போடும் உடுப்பு. டிசைன் அவளே வரைந்தாள், துணி அவளே தேர்ந்தாள், சாம்பிள் தைக்கும்போது பக்கத்திலேயே நின்றாள்.

"இந்த ஆர்டர் மட்டும் என் பேர்ல வந்துருச்சுன்னா, அப்பாகிட்ட நேராவே கேட்டுருவனுங்க, சாவி எனக்கு வேணும்னு. உங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?" என்று என்னிடம் கேட்டாள்.

"எனக்கென்ன வருத்தம்" என்றேன். உண்மையாகவே எனக்கு வருத்தமில்லை. சுழல் நாற்காலியை யாரும் கேட்கவில்லையே.

சாம்பிள் பார்க்க நேரில் வரும் அந்த அம்மையார் திருப்பூரில் தங்குவது அரை நாள்தான், சாயங்காலம் கோவையிலிருந்து விமானம். காலையில் போய் அவரை அழைத்துவந்து அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டலில் சுகன்யா உட்கார வைப்பாள். முந்தின ராத்திரியே தேய்த்து மடித்து வைத்த சாம்பிள்களை, கம்பெனியின் சாம்பிள் அறையிலிருந்து நான் எடுத்துக்கொண்டு போய் ஓட்டலில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு இட்ட பணி. ஒரு அறையைத் திறப்பது, ஒரு பெட்டியை எடுப்பது, காரில் வைப்பது. சாவியைக் கையில் கொடுத்து, வாசல்படியில் நின்று சுகன்யா சொன்னாள்: "ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் புதுசா எதையும் யோசிச்சுப்போடாதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. என்ஜினீயரைப் பார்த்து யோசிக்காதே என்கிறாளே என்று.

கம்பெனிக்குள் நுழைந்தேன். எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாவி வளையத்தை ஆள்காட்டி விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே நடப்பேன். அப்படி நடந்தால் முதலாளி மாதிரி இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். (யாரும் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டேன்.) கட்டிங் பகுதியைத் தாண்டும்போது, துணி வெட்டும் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் சுற்றும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். சாவி விரலைவிட்டுக் கிளம்பி, காற்றில் அழகாக ஒரு வளைவு போட்டு, மூலையில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்த கட்டிங் வேஸ்ட்டுக்குள் போய் விழுந்தது. ஒரு சத்தம்கூட இல்லை. பனியன் துண்டுகள் அதை வாங்கி வாயை மூடிக்கொண்டன.

உடனே ஆளைக் கூப்பிட்டுத் தேடச் சொல்லியிருக்கலாம். ஆனால் சாவியைச் சுழற்றித் தொலைத்தேன் என்று அத்தனை பெண்கள் முன்னால் மாப்பிள்ளை எப்படிச் சொல்வது? ஒன்றும் நடக்காதது மாதிரி நேராக நடந்து, டீ குடித்துவிட்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தேடலாம் என்று திரும்பி வந்தேன். மூலை பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. வேஸ்ட் வாங்குகிறவரின் டெம்போ வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். சாவி அந்நேரம் எந்த ஊர் குடோனை நோக்கிப் பயணம் போய்க்கொண்டிருந்ததோ, எனக்குத் தெரியாது.

இனிமேல் சொல்லாமல் முடியாது. மாமனாரிடம் போய், "சாவி கொஞ்சம் கைதவறிடுச்சுங்க மாமா" என்றேன்.

"அதுக்கென்னங்க மாப்பிள்ளை. கைன்னு இருந்தாத் தவறத்தான் செய்யும்" என்றார் அவர்.

மெக்கானிக் ராசுவைக் கூப்பிட்டோம். அவன் சுத்தியலால் பூட்டை நாலு போடு போட்டுப் பார்த்தான். பூட்டு அசையவில்லை. இரண்டு கைப்பிடி அகலத்தில் கருங்கல் போல ஒரு பூட்டு அது. சாம்பல் நிறப் பெயிண்ட் தடிமனாக அடித்திருந்தது, ராசு போட்ட போட்டில் அதுகூட உதிரவில்லை. (வெளிநாட்டுக் கம்பெனிகளிலிருந்து சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்றால், திருப்பூரில் நகராத எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். கொஞ்சம் மெதுவாக நகர்பவர்களும் அன்று ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.) பூட்டுச் சாவி செய்கிறவருக்குப் போன் போட்டால், மூலனூரில் கல்யாணப் பந்தியில் இருக்கிறேன் என்றார். கிரைண்டர் வைத்து அறுத்துவிடலாம் என்றான் ராசு. மாமனார் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான். அந்த அறை முழுக்கத் துணி, வெளியே முழுக்கப் பஞ்சுத் தூசி. ஒரு பொறி பறந்தால் போதும். கம்பெனிக்குள் கிரைண்டர் என்ற சொல்லையே அவர் அனுமதிப்பதில்லை.

மாமனார் தொண்டையைக் கனைத்தார். "அம்மிணிக்கு ஒரு போன் போட்டுப் பாக்கலாங்களா மாப்பிள்ளை?"

"வேண்டாங்க மாமா. அவங்க டென்ஷன் ஆயிருவாங்க. நான் பாத்துக்கறேன்."

"நீங்க சொன்னாச் செரிங்க."

அந்தச் சமயத்தில் சுகன்யாவே போன் செய்தாள். "எங்கிருக்கீங்க? அவங்க வந்தாச்சு" என்றாள். "கிளம்பிட்டேன், பாலத்துக்கிட்ட வந்துட்டேன்" என்றேன், பூட்டிய கதவின் முன்னால் நின்றுகொண்டு. தமிழ்நாட்டில் பாலத்துக்கிட்ட வந்துவிட்டவர்களில் பாதிப்பேர் குளிக்கக்கூட இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

விதி அப்போது பைக்கில் வந்து இறங்கியது. சுகன்யாவின் பெரியப்பா மகன் லோகநாதன், எனக்கு மச்சான் முறை. குண்டடம் பக்கம் ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். வழியில் இறங்கி, பிள்ளைகளுக்கு நாலு டீ சர்ட் வாங்கிப் போக வந்திருந்தார். அவர் பைக்கின் பின்னால் பெரிய தூக்குப்போசி மாதிரி ஒரு அலுமினியக் கேன் கட்டியிருந்தது. அதற்குள் திரவ நைட்ரஜன், அதற்குள் காங்கேயம் காளையின் விந்து அடைத்த மெல்லிய குழாய்கள். நைட்ரஜன் இருக்கும்வரை அவை உறைந்து கிடக்கும். அது தீர்ந்தால் எல்லாம் வீண்.

கேனைப் பார்த்ததும் எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அதை யாராவது ஊதி அணைத்திருக்கலாம்.

"மாமா, இரும்பு எப்ப உடையும் தெரியுங்களா?" என்றேன்.

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"வெல்லப்பாகு மாதிரிதாங்க. சூடா இருந்தா இழுத்த இழுப்புக்கு வரும். ஆறிக் கல்லாயிருச்சுன்னா, ஒரு தட்டு, பட்டுன்னு உடஞ்சுபோயிரும். இரும்பும் அதே கதைதான். வெயில் நாட்டுல இருக்கறதால நமக்கு அது தெரியறதில்லை. நல்லாக் குளிர வெச்சுட்டு அடிச்சா, பிஸ்கட் மாதிரி நொறுங்கிரும். பொறி கிடையாது, சத்தம் கிடையாது, பயம் கிடையாது." வீடியோவில் பார்த்ததுதான். ஆனால் நானே கண்டுபிடித்தது மாதிரி சொன்னேன். "மச்சான் கேன்ல இருக்கறது ஐஸைவிட எத்தனையோ மடங்கு குளிருங்க."

லோகு மச்சானின் முகம் மாறியது. "மாப்ள, அதுக்குள்ள சரக்கு இருக்குதுங்களே. இன்னைக்கு ஒரு மாடு வேற குண்டடத்துல காத்துட்டிருக்குது" என்றார்.

"கொஞ்சம் மட்டுங்க மச்சான். அடியில மீதி இருக்குமல்ல."

அவர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் கூரையைப் பார்த்தார். மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டு இல்லை என்று சொல்ல இந்தப் பக்கத்தில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. லோகு மச்சான் ஒரு பெருமூச்சு விட்டுக் கேனை அவிழ்த்தார். அந்தப் பெருமூச்சை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கவனமானவன். கைக்கு உறை வேண்டுமென்று கட்டிங் மாஸ்டரின் கையுறையை வாங்கி மாட்டினேன். துணி வெட்டும்போது கத்தி விரலில் படாமல் இருக்க அவர்கள் போடுவது. முழுக்கச் சின்னச் சின்ன ஸ்டீல் வளையங்களைக் கோத்துப் பின்னியது. கத்தியைத் தடுக்கும். திரவத்தைத் தடுக்குமா என்று எனக்குத் தோன்றவில்லை. வலை போட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனவன் நான்தான்.

இந்த இடத்தில் மாமனாரின் தையல் மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தொழில் தொடங்கியபோது வாங்கிய முதல் மெஷின் அது. கறுப்பு வார்ப்பிரும்பில் செய்தது. இப்போது தைப்பதில்லை. சாம்பிள் அறைக் கதவை ஒட்டி ஒரு மேஜையில் வைத்து, தினமும் காலையில் சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் போட்டு, ஒரு நிமிடம் கண்மூடி நின்றுவிட்டுத்தான் அவர் மற்ற வேலையைப் பார்ப்பார். அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றாததில் ஆச்சரியம் இல்லை.

கேனிலிருந்து எவர்சில்வர் ஜக்கில் ஊற்றினார் லோகு மச்சான். புகை பொங்கிக்கொண்டு தரையில் வழிந்தது. தையல் பகுதியில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஜக்கை வாங்கிப் பூட்டின் மேல் சாய்த்தேன். பாதி பூட்டில் விழுந்தது. மீதி கதவு வழியாக ஓடி, பக்கத்து மேஜையில் தெறித்தது. இரண்டாவது ஜக் ஊற்றும்போது கையுறை வளையங்களுக்குள் துளி புகுந்து விரலில் சுரீர் என்றது. "ஐயோ" என்று ஜக்கை உதறினேன். முழு ஜக்கும் தையல் மெஷின் கழுத்தில் போய்க் கவிழ்ந்தது. கறுப்பு மெஷின் வெள்ளை வெளேரென்று ஆனது. பூச்சரம் விறைத்துக்கொண்டு நின்றது.

"மாப்பிள்ளை, கை..." என்றார் மாமனார்.

"ஒண்ணுமில்லீங்க. இன்னொரு ஜக் குடுங்க மச்சான்."

நல்லாப் புகைந்த பிறகு ராசுவிடமிருந்து சுத்தியலை வாங்கினேன். பிஸ்கட் நொறுங்கும் காட்சியை எல்லாரும் பார்க்கட்டும் என்று ஒரு அடி பின்னால் போய், முழு பலத்தையும் திரட்டிப் பூட்டின் வளைவில் ஓங்கி அடித்தேன்.

"டங்" என்று கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். பூட்டு நொறுங்கவில்லை. விரிசல்கூட இல்லை. அடித்த வேகத்தில் சுத்தியல் எகிறி, என் கையிலிருந்து நழுவி, நேராகத் தையல் மெஷினின் கழுத்தில் விழுந்தது.

அது பிஸ்கட் மாதிரி நொறுங்கியது.

பெரிய சத்தம் வரவில்லை. ஓடு உடைவது போல ஒரு சின்னச் சத்தம். மெஷினின் தலை தனியாகக் கழன்று, மேஜையில் உருண்டு, குங்குமப் பொட்டு மேலே தெரியும்படி நின்றது. பின்னால் ஒரு பெண் "முருகா" என்றாள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் நன்றாக இருக்கும் என்று கதைகளில் எழுதுவார்கள். நான் பார்த்தேன், திருப்பூரில் பூமி பிளக்கவில்லை. எல்லாம் காங்கிரீட்.

பூட்டில் நான் அடித்த இடத்தில் பெயிண்ட் உதிர்ந்து, மஞ்சளாகப் பளபளத்தது.

"அது பித்தளைங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார், மெதுவாக. "திண்டுக்கல்லுல சொல்லி வெச்சு வாங்குனது. வளைவும் பித்தளைதானுங்க."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லங்க மாமா?"

"நீங்க இரும்புன்னு சொன்னீங்க. மாப்பிள்ளை சொல்றப்ப நடுவுல பேசறது மொறையில்லீங்களே."

பிற்பாடு அந்தப் பழைய பாடப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். (தேர்வுக்கு முன்னால் படித்திருந்தால் மூன்று குடும்பங்கள் பிழைத்திருக்கும்.) இரும்புக்குள் இருக்கும் அணு அடுக்குகள் வெதுவெதுப்பில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொடுக்குமாம், அதனால் அடித்தால் வளையும். கடுங்குளிரில் அந்த வழுக்கல் நின்றுபோகும். வளைய வழியில்லாமல் பிளந்துகொள்ளும். வார்ப்பிரும்போ சாதாரண நாளிலேயே வளையத் தெரியாதது, அதன் தலையில் திடீர்க் குளிரைக் கொட்டினால் கேட்க வேண்டியதே இல்லை. பித்தளை அப்படி அல்ல. அதன் அடுக்கு வேறு மாதிரி, எவ்வளவு குளிர்ந்தாலும் வழுக்கிக்கொடுக்கும். ஜக்கு செய்த எவர்சில்வரும் அந்தக் கூட்டம்தான், அதனால்தான் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒரு வரி எழுதியிருந்தது, அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். குளிரக் குளிரப் பித்தளையின் பலம் கூடுமாம். பூட்டை உடைக்கக் கிளம்பியவன் பூட்டுக்கு உரம் போட்டிருக்கிறேன்.

லோகு மச்சான் கேனுக்குள் எட்டிப் பார்த்தார். புகை ஓய்ந்திருந்தது. "மாப்ள, சரக்கு போச்சுங்க" என்றார். கோபமில்லை, இழவு சொல்கிற குரல். அவர் போன் அடித்தது. குண்டடத்து மாட்டுக்காரர். "வந்துட்டே இருக்கனுங்க, பாலத்துக்கிட்ட வந்துட்டேன்" என்றார் மச்சான், என்னைப் பார்த்துக்கொண்டே. அந்த மாடு அடுத்த பருவம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. மாட்டுக்காரர் இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாடு எப்படியோ தெரியவில்லை.

வாசலில் கார் நின்றது. இறங்கியது சுகன்யா. கூடவே டென்மார்க் அம்மையார். நான் பாலத்துக்கிட்டயே குடியேறிவிட்டேன் என்று புரிந்துகொண்டு, "அதுக்குள்ள கம்பெனியைச் சுத்திப் பாத்தர்லாம்" என்று அவரைக் கூட்டி வந்துவிட்டாள். இரண்டு பேரும் உள்ளே வந்து பார்த்தார்கள். தரை முழுக்க வெள்ளைப் புகை. நின்றுபோன தையல் மெஷின்கள். தலை வேறு உடல் வேறாக மாமனாரின் மெஷின். காலிக் கேனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மச்சான். நடுவில், ஒரு கையில் போர்வீரன் கையுறையோடு நான்.

சுகன்யா கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவாவது இருந்திருக்கும். அவள் என் விரலைத் தூக்கிப் பார்த்தாள். கொப்புளம் கிளம்பியிருந்தது. "தண்ணியில வெய்யுங்க" என்றாள். பிறகு மெஷினைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள். கடைசியில் கேட்டாள்.

"சாவி?"

"தொலஞ்சுபோச்சு."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? டூப்ளிகேட் எப்பவும் என் பேக்லதானுங்க இருக்குது."

கைப்பையைத் திறந்து சாவியை எடுத்தாள். அத்தனை பேர் முன்னாலும் எடுத்தாள். அந்த ஓட்டலிலிருந்து கம்பெனிக்குப் பத்து நிமிடத் தூரம். ஒரே ஒரு போன் போட்டிருந்தால் போதும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. சாவி உள்ளே போகவில்லை. சாவித் துளை பூராவும் பனி கட்டிக் கிடந்தது. திறக்க முடிந்த ஒரு பூட்டைத் திறக்க முடியாததாக மாற்றியதும் என் சாதனைதான். அந்த அம்மையார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுகன்யாவின் முகம் ஒரு கணம் வாடியது. கல்யாணமான நாளிலிருந்து அவள் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, நிஜமாகத்தான் சொல்கிறேன். புகையால் என்று சமாளித்துக்கொண்டேன். (அது கண்ணெரிக்கும் புகைகூட இல்லை.)

மறுகணம் அவள் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கத்துத் தேய்ப்பு மேஜையிலிருந்து நீராவிப் பெட்டியைக் குழாயோடு இழுத்தாள். காலர் தேய்ப்பது போலப் பூட்டின் எல்லாப் பக்கமும் நீராவியைப் பாய்ச்சினாள். அவசரப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பனி கரைந்து சொட்டியது. டென்மார்க் அம்மையார் கிட்ட வந்து நின்று, சிரிக்க ஆரம்பித்தார். அவர் ஊரில் பனிக்காலத்தில் தினமும் காலையில் கார்க் கதவோடு இதே பாடுதானாம், அங்கே யாரும் சுத்தியலை எடுப்பதில்லையாம். சுகன்யா சாவியைப் போட்டுத் திருப்பினாள். கிளிக் என்று திறந்தது.

கட்டிங் மேஜையிலேயே துணிகளை விரித்துக் காட்டினாள். கழுத்துப் பட்டையைக் கொஞ்சம் அகலமாக்கச் சொன்னார் அந்த அம்மையார். தையலை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு, "பதறாமல் வேலை செய்கிற ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன், அவரோடுதான் நான் பேசுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆர்டர் சுகன்யா பெயரில் வந்தது.

பொழுதோட கம்பெனி விட்ட பிறகு, மாமனார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேஜையில் மெஷினின் இரண்டு பாகங்களும் துண்டு விரித்து வைக்கப்பட்டிருந்தன. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சாவிக்கொத்தை எடுத்தார். நேராக மகளின் கையில் வைத்தார்.

"அப்பா, நான் இன்னும் நேராக் கேக்கவே இல்லையே" என்றாள் சுகன்யா.

"நீ கேட்டது எனக்கு எப்பவோ கேட்டுருச்சு அம்மிணி. இத நீதான் பாக்கோணும்னு எனக்கு எப்பவோ தோணிப்போச்சு. ஊட்டுல மாப்பிள்ளைன்னு ஒருத்தரு உக்காந்திருக்கறப்ப, அவர விட்டுப்போட்டு உங்கிட்டக் குடுத்தா ஒறம்பரை என்ன பேசும்? அவரு மனசுதான் என்னாகும்? எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமக் கெடந்தேன்." என் பக்கம் திரும்பினார். கை கூப்பினார். கேலியே இல்லை, அதுதான் கொடுமை. "மாப்பிள்ளையே வழி பண்ணிக் குடுத்துட்டாருங்க. இனி எவனும் ஒரு வார்த்தை கேக்க மாட்டானுங்க."

உண்மைதான், யாரும் கேட்கவில்லை. ஒடிசாப் பையன்கள் எடுத்த வீடியோ மறுநாள் காலைக்குள் ஒறம்பரை அத்தனை பேர் போனிலும் போயிருந்தது. பெண்ணுக்குச் சாவி கொடுத்தது சரியா என்று ஒரு பெரியவர்கூட வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

இப்போது சுகன்யா மூன்று யூனிட் நடத்துகிறாள். எனக்குச் சுழல் நாற்காலி இருக்கிறது, மரியாதையும் குறையவில்லை, கையில் ஸ்பானரை மட்டும் யாரும் கொடுப்பதில்லை. வீட்டில் என் கையிலிருந்து ஒரு டம்ளர் தவறி விழுந்தால் போதும், சமையலறையிலிருந்து அவள் குரல் வரும்.

"ஏனுங்க, இந்தத் தடவை எனக்கு எந்த யூனிட்டுச் சாவிங்க?"